வாக்கியத்தின் பின்பாதி

இளமாறன் பேச ஆரம்பிப்பான். முடிப்பது எப்போதும் வேறு யாராவதுதான்.

அவனுக்குத் திக்குவாய் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பெருங்களத்தூரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, நாக்கில் வசம்பு தேய், வாயில் கூழாங்கல் போடு என்று வைத்தியம் வேறு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவன் சங்கதி வேறு. ஒரு வாக்கியத்தின் முன்பாதியைச் சொல்லிவிட்டு, பின்பாதியைச் சரியாகச் சொல்ல வேண்டுமே என்று கொஞ்சம் நிற்பான். மூன்று நொடி, மிஞ்சிப் போனால் நான்கு. அவ்வளவுதான். ஆனால் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் மூன்று நொடி காலியாகக் கிடக்கிற எதையும் யாரும் விட்டுவைப்பதில்லை. ரயிலில் இடமாக இருந்தால் துண்டைப் போடுவார்கள், மனையாக இருந்தால் வேலியைப் போடுவார்கள், பேச்சாக இருந்தால் வாயைப் போடுவார்கள்.

அதனால் அவன் வாழ்க்கையில் பல காரியங்கள் அவன் சொல்லாமலே நடந்து முடிந்திருந்தன. ப்ளஸ் டூ முடித்த வருடம், "கெமிஸ்ட்ரி எனக்கு..." என்று ஆரம்பித்தான். அக்கா சுப்ரஜா, "பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா!" என்று விண்ணப்பத்தை நிரப்பிவிட்டாள். இன்று முப்பத்தாறு வயதில், குரோம்பேட்டையில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பதினான்கு வருட அனுபவமுள்ள கெமிஸ்ட். சலூனில் "மீசையை மட்டும்..." என்று சொல்லிவிட்டு நின்றதில் மீசை போயிற்று. "இந்த மாதிரி ஃப்ளாட் எல்லாம் நமக்கு..." என்று இழுத்ததை, "ராசி சார், ராசி!" என்று புரோக்கர் முடித்துவைத்ததில் 'ஏரிக்கரை எலைட்' அடுக்ககத்தில் இரண்டு படுக்கையறை வீட்டுக்குச் சொந்தக்காரன் ஆனான். ஏரி எங்கே என்று விருந்தாளிகள் கேட்டால், நீங்கள் நின்றுகொண்டிருப்பது அதன் மேல்தான் என்று குடியிருப்போர் பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், "செயலாளர் பதவிக்கெல்லாம் எனக்கு..." என்று எழுந்தான். "ஆசை இருக்குன்னு வெட்கப்படாம சொல்லுங்க சார்!" என்றது ஒரு குரல். பலத்த கைதட்டல். இது மூன்றாவது வருடம்.

மறுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மறுப்பதற்கும் ஒரு முழு வாக்கியம் வேண்டும்.

அக்காவைக் குறை சொல்லியும் பயனில்லை. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குப் பத்தொன்பது வயது, இவனுக்குப் பதினொன்று. பள்ளிக்கூடத்தில், ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில் இவனை ஒட்டிக்கொண்டு நின்று இவனுக்காகப் பதில் சொல்லிச் சொல்லி அது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. போதாக்குறைக்குத் தொழில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். எதிராளி 'வேண்டாம்' என்பதில் 'வே' சொல்லும்போதே பேனாவைக் கையில் திணித்துவிடுகிற தொழில்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி கோவளத்தில் போய் நின்றது.

கோவளத்தில் மீனுக்கு ஐஸ் போடுகிற ஒரு சின்னத் தொழிற்கூடம். அதன் தண்ணீரை மாதம் ஒருமுறை எடுத்துச் சோதிப்பது இளமாறனின் வேலை. அதே வளாகத்தில் மீனவர் சங்க அலுவலகம். அங்கே கணக்கர் ஜெயப்ரியா. முதல் நாள் கையெழுத்து வாங்கப் போனபோது அவள் கேட்டாள்: "தண்ணி எப்டி கீது சார்?"

"உப்பு கொஞ்சம்..." என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல இடம் விட்டு நின்றான்.

அவள் நிரப்பவில்லை. கையிலிருந்த பேனாவைக்கூட அசைக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தபடி சும்மா இருந்தாள். மூன்று நொடி ஆயிற்று. நான்கு. வெளியே யாரோ ஐஸ் பாளத்தை உடைக்கிற சத்தம் கேட்டது. ஐந்து. இளமாறனுக்குப் பயமே வந்துவிட்டது.

"...ஏறியிருக்கு. ஆனா போன வருஷம் இதே மாசத்துக்குக் குறைவுதான்."

தன் வாக்கியத்தின் முடிவைத் தன் காதால் கேட்டு அவனுக்கு எத்தனையோ வருடமாகியிருந்தது. பரவாயில்லையே, நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது. அந்தத் தைரியத்தில் இன்னொரு வாக்கியத்தையும் எடுத்தான். "நீங்க ஏன் நடுவுல..."

அவள் காத்திருந்தாள்.

"...பேசலை?"

"ஓ, அதுவா? செட்டுப் பழக்கம் சார்" என்று சிரித்து, மேசை ஓரத்தில் இருந்த வயர்லெஸ் செட்டைக் காட்டினாள்.

கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதும் செல்போன் கைவிட்டுவிடும். அதற்குப் பிறகு படகுகளுக்கும் கரைக்கும் அந்தச் செட்டுதான். எல்லாருக்கும் ஒரே லைன். பட்டனை அமுக்கினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது.

"ஒருத்தர் பேசும்போது நானும் அமுக்கிட்டேன்னு வெச்சுக்குங்க, அவரு சொன்னதும் போச்சு, நான் சொன்னதும் போச்சு. கொர்ருன்னு எரைச்சல்தான் வரும். அப்பா 'எஞ்சின் நின்னு'ன்னு ஆரம்பிப்பாரு. நின்னுபோச்சுன்றாரா, நின்னு கெளம்பிடுச்சுன்றாரா, கடைசி வரைக்கும் கேட்டாதானே தெரியும்? பாதியில நாமளே முடிச்சுக்கினா ஆளு பூடுவாரு சார்."

அன்றிலிருந்து மாதம் ஒருமுறை எடுக்க வேண்டிய தண்ணீரை இளமாறன் வாரம் ஒருமுறை எடுக்கலானான். அந்த ஐஸ் தண்ணீர் அளவுக்கு அலசி ஆராயப்பட்ட தண்ணீர் தமிழ்நாட்டில் வேறு இருக்காது. எட்டாவது மாதம், ஒரு மீன் கூடைக்கும் அலுவலகச் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டு, ஒரு நீண்ட வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்தான். அவள் அதற்கும் காத்திருந்தாள். பிறகு சரி என்றாள்.

"ஆனா ஒண்ணு. எங்கப்பாகிட்ட நீங்களே சொல்லணும், உங்க வாயால. ஏற்கெனவே மூணு பேரு வந்து பாத்துட்டுப் போனாங்க. மூணு பேர் வூட்லயும் ஒரே பேச்சு. செட்டை வேற யாருக்காவது குடுத்துட்டு வந்துடும்மான்னு. காத்து மாறுற அன்னிக்குக் கரையில நான் இருக்கேன்ற நெனப்புலதான் அவரு கடலுக்குப் போறாரு. நான் செட்டை வுட மாட்டேன். நீங்க இங்க வந்து இருக்கப் போறீங்க. இது ரெண்டையும் நீங்க சொல்லணும். உங்க அக்கா சொன்னா அது அக்கா சொன்னது."

இளமாறன் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் ஜாதி, ஜாதகம் எதையும் கேட்கவில்லை. முப்பத்தாறு வயது மாப்பிள்ளைக்கு அதெல்லாம் தானே உதிர்ந்துவிடுகிறது. "கல்யாணத்துக்கு அப்புறம் நான் கோவளத்துல..." என்று அவன் முக்கியமான இடத்துக்கு வந்தான்.

"ரிசப்ஷன் வெச்சுக்கணும்ங்கறே! பீச்சுல! சூப்பர்டா, எனக்குத் தோணவே இல்ல பாரு!" அவள் அப்போதே மண்டபக்காரர்களுக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டாள்.

அன்று ராத்திரியே அவளுக்கு இன்னொரு யோசனையும் உதித்தது. பெண் கேட்கப் போகிற இடத்தில் தம்பி பாதியில் நின்றால் என்ன ஆவது? அவனைக் கொண்டுபோய்ச் சுகுமாரிடம் சேர்த்தாள்.

சுகுமார் தன் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்வார். எந்த டாக்டர் என்று கேட்டால் புன்னகை செய்வார். குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலையில், பாத்திரக் கடைக்கு மேல் மாடியில், 'பேச்சு லயம் அகாடமி: பேசு, வெல், ஆள்' என்று பலகை தொங்கியது. நான்கு பேர் உட்கார்ந்த அறையில் அவர் காதோரம் மைக், இடுப்பு பெல்ட்டில் சின்ன ஸ்பீக்கர். கழுத்தில் ஸ்டாப்வாட்ச்.

"ரெண்டு மனுஷங்க பேசறப்ப," என்றார் ஸ்பீக்கர் வழியாக, "ஒருத்தர் முடிக்கிறதுக்கும் இன்னொருத்தர் ஆரம்பிக்கிறதுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி தெரியுமா? ஒரு நொடியில அஞ்சுல ஒரு பங்கு! ஜப்பான்லயும் அதான், ஜமீன் பல்லாவரத்துலயும் அதான். மனித குலமே ஒரு தாளத்துல போயிட்டிருக்கு மிஸ்டர் இளமாறன். உங்களுது மூணு புள்ளி நாலு. அது பேச்சே இல்ல. செத்த காத்து."

பிறகு கண்ணை மூடி, தலையை மேலே தூக்கி, ஏழு நொடி சும்மா நின்றார்.

"சார், இப்ப நீங்க..." என்றான் இளமாறன்.

"இது பவர் பாஸ். வேணும்னே விடற மௌனம். இது வேற. அதுக்கு அட்வான்ஸ்டு கோர்ஸ் இருக்கு."

இடைவெளி என்பது சாலையில் பள்ளம் மாதிரி, ஜல்லி கொட்டி நிரப்பிவிட வேண்டும் என்பது சுகுமாரின் சித்தாந்தம். ஜல்லியும் அவரே கொடுத்தார்: 'குட் கொஸ்டின்', 'ஆக்சுவலா', 'பேசிக்கலா', 'அதாவது என்னன்னா'. மெட்ரோனோம் என்கிற தாளக் கருவி டிக் டிக் என்று அடிக்க, அதற்கு ஏற்றபடி நாலு வாரம் பயிற்சி. ஐந்தாவது வாரம் தாம்பரத்தில் ஒரு ஓட்டலில், "சாருக்கு என்ன?" என்று கேட்ட சர்வரிடம் இளமாறன் மூச்சு விடாமல் சொன்னான்: "குட் கொஸ்டின், ஆக்சுவலா பேசிக்கலா அதாவது என்னன்னா பார்த்தீங்கன்னா..." சர்வர் பொங்கல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அவன் கேட்க நினைத்தது பூரி.

அக்காவுக்கோ பரம திருப்தி. "கேப்பே இல்லடா! எவ்வளவு நல்லா இருக்கு!" என்றாள்.

கோவளத்துக்குப் போகிற நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, மூன்றரை மணிக்கு அங்கே இருக்க வேண்டும். சுப்ரஜாதான் காரை ஓட்டினாள். பின் இருக்கையில் பூ, பழம், ஸ்வீட் டப்பாவோடு சுகுமாரும் உட்கார்ந்திருந்தார். அவருடைய கோல்டு பேக்கேஜில் 'நேரடிக் களத் துணை' ஒருமுறை இலவசமாம்.

மீனவர் சங்க அலுவலகத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஜெயப்ரியாவின் அப்பா கோபு, கட்டம் போட்ட லுங்கியும் சட்டையுமாக விளிம்பில் உட்கார்ந்திருந்தார். நாலரைக்கு வலை விடப் போக வேண்டும். ஒரு கண் விருந்தாளிகள் மேல், ஒரு கண் கதவுக்கு வெளியே தெரிந்த கடல் மேல்.

சுப்ரஜா பேசினாள். குடும்பப் பெருமை, சம்பளம், அடுக்ககத்தின் லிஃப்ட், அதற்கு இருக்கிற ஜெனரேட்டர், அந்த ஜெனரேட்டரைத் தம்பி செயலாளராக இருந்து வாங்கிய வரலாறு. அவள் மூச்சு வாங்கிய இடத்தில் சுகுமார் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார்: "திருமணம் என்பது இரண்டு லயங்களின் சங்கமம்." பிறகு கண்ணை மூடி ஒரு பவர் பாஸ் விட்டார்.

"இன்னாம்மே, இவருக்கு ஒடம்பு எதனா சரியில்லையா?" என்றார் கோபு மகளிடம். "தண்ணி குடு அவருக்கு."

சுகுமார் அவசரமாகக் கண்ணைத் திறந்தார்.

"மாப்ள புள்ளைய பேசச் சொல்லும்மா," என்று கோபு சுப்ரஜாவிடம் சொன்னார். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கினே கீறீங்க. ஏன் தம்பி, உனக்கு எம் பொண்ண எப்டித் தெரியும்?"

இளமாறனுக்குள் மெட்ரோனோம் அடித்தது. "குட் கொஸ்டின்! ஆக்சுவலா, பேசிக்கலா அதாவது என்னன்னா, பார்த்தீங்கன்னா வாட்டர் சேம்பிள் பொறுத்தவரைக்கும் ஆக்சுவலா..."

கோபு நெற்றியைச் சுருக்கினார். "இன்னாமா இது? பல்லு தேய்க்கிற பேஸ்ட்டுக்கு வெளம்பரம் பண்றாப்புல பேசறாரு?"

ஜெயப்ரியா இளமாறனைப் பார்த்தாள். எட்டு மாதமாக அவள் கேட்டுவந்த ஆள் இது இல்லை. அந்தப் பார்வையில் நாலு வாரப் பயிற்சியும் கழன்று விழுந்தது. அவன் வாயை மூடினான். பிறகு, பழைய வேகத்தில், தானாகவே ஆரம்பித்தான்.

"ஐயா, கல்யாணத்துக்கு அப்புறம் ஜெயப்ரியா இந்தச் செட்டை..."

ஒரு நொடி. இரண்டு.

"உடனே விடணும்னு அவசியமே இல்லைங்க!" என்றாள் சுப்ரஜா, மலர்ந்த முகத்தோடு. "மெதுவா ரெண்டு மூணு மாசத்துல யார்கிட்டயாவது ஒப்படைச்சுட்டுப் பெருங்களத்தூர் வந்தா போதும். நாங்க ஒண்ணும் கறாரான ஆளுங்க கிடையாது!"

கோபு எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"நாலாவது ஆளு," என்றார் மகளிடம். "வலை வுட நேரமாச்சு. டப்பாவெல்லாம் எட்த்துக்கினு போவச் சொல்லு." கதவைத் தாண்டி, மணலில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் போனார். கொஞ்ச நேரத்தில் படகு எஞ்சின் உறுமிக் கிளம்புகிற சத்தம் கேட்டது.

"நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?" சுப்ரஜாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. "நல்லவிதமாத்தானே சொன்னேன்?"

ஜெயப்ரியா அவளைப் பார்க்கவில்லை. "உங்க வாயாலன்னு சொன்னேன் இல்ல?" என்றாள் இளமாறனிடம்.

"நான்..."

அந்தக் கோபத்திலும் அவள் காத்திருந்தாள்.

"...சொல்லத்தான் வாயைத் திறந்தேன்."

"மேடம், மூணு புள்ளி ரெண்டு," என்று சுகுமார் ஸ்டாப்வாட்சை உயர்த்திக் காட்டினார். "நான் அப்பவே சொன்னேன். அந்த கேப்லதான் விபத்து நடக்குது."

"சார், அந்த இடுப்பு மிஷினை ஆஃப் பண்றீங்களா கொஞ்சம்?" என்றாள் ஜெயப்ரியா. சொல்லிவிட்டு, ஏதோ நினைவு வந்தவள் போல மேசைப் பக்கம் திரும்பினாள். செட்டைப் பார்த்தாள். பிறகு இளமாறனை.

மைக்கை எடுத்துப் பட்டனை அமுக்கினாள். "அப்பா, ஜெயா பேசறேன். கேக்குதா?"

விட்டாள். கரகரப்பு. பிறகு கோபுவின் குரல், பின்னணியில் எஞ்சினோடு: "சொல்லு. அந்தக் கும்பல் போயிட்ச்சா?"

"கேட்டுக்கினே இருப்பா. ஒருத்தர் பேசப் போறாரு. முடிக்கிற வரைக்கும் கேளு."

மைக்கை இளமாறன் கையில் வைத்து, அவன் கட்டைவிரலைப் பட்டன் மேல் தானே பொருத்தினாள். "இதை அமுக்கிப் புடிச்சிருக்கிற வரைக்கும் ஒருத்தரும் உள்ள வர மாட்டாங்க. எவ்ளோ நேரம் வேணா எடுத்துக்குங்க. பேசாம நின்னீங்கன்னா உங்க மூச்சு கேக்கும் அவருக்கு. கேக்கட்டும்." பிறகு சுப்ரஜா பக்கம் திரும்பினாள். "அக்கா, பட்டன் அமுங்கியிருக்கும்போது நீங்க இன்னா பேசினாலும் பதினஞ்சு போட்டுக்கும் கேக்கும். எல்லாருக்கும் ஒரே லைன்."

வாயைத் திறந்திருந்த சுப்ரஜா அதை மூடிக்கொண்டாள். பதினைந்து படகுக்கு ஒரே நேரத்தில் இன்ஷூரன்ஸ் பேசலாம் என்று வேறொரு நாளாக இருந்தால் அவளுக்குத் தோன்றியிருக்கும்.

இளமாறன் பட்டனை அமுக்கினான்.

முதலில் எதுவும் வரவில்லை. யாரும் எதையும் போட்டு நிரப்பவும் இல்லை. அப்படி ஒரு விசாலமான அமைதியை அவன் அதுவரை அனுபவித்ததே கிடையாது. கட்டைவிரலுக்கு அடியில் ஒரு மைதானமே அவனுக்கென்று காலியாக இருந்தது.

"ஐயா, நான் இளமாறன் பேசறேன்." மூச்சு. "உங்க பொண்ணை எனக்கு..." சுப்ரஜாவின் உதடு தானாக அசைந்தது. அவளே அதைக் கையால் பொத்திக்கொண்டாள். "...கட்டிக் குடுக்கணும்னு கேக்க வந்தேன்."

வெளியே ஐஸ் வண்டி ஒன்று பின்னால் வந்து நின்றது.

"கல்யாணத்துக்கு அப்புறம் நான் கோவளத்துல..." கட்டைவிரல் வெளுத்திருந்தது. "...இங்கயே வந்து இருக்கப் போறேன். ரிசப்ஷன் இல்ல. குடியிருக்க. குரோம்பேட்டைக்கு இங்கிருந்து பஸ்ல போய் வருவேன். ஜெயப்ரியா செட்டை விட வேண்டாம். விடச் சொல்லி யாராவது..." இந்த இடத்தில் நீண்ட நேரம் நின்றான். சுகுமார் அனிச்சையாக ஸ்டாப்வாட்சை அமுக்கினார். "...சொன்னா, அது நான் சொன்னது இல்ல. எங்க அக்காவும் கெட்ட எண்ணத்துல சொல்லலை. எனக்குச் சொல்லிச் சொல்லி அவளுக்குப் பழகிடுச்சு."

சுப்ரஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்குப் பேச்சு மெதுவாத்தான் வரும் ஐயா. ஆனா..." கடைசி இடைவெளி. "...வந்துடும்."

பட்டனை விட்டான்.

கரகரப்பு. பிறகு முன்பின் தெரியாத ஒரு குரல்: "யார்ப்பா அது லைன்ல? வலை வுடற நேரத்துல கல்யாணப் பேச்சு பேசிக்கினு?" உடனே இன்னொரு குரல்: "டேய் மச்சான், வாய மூட்ரா. கோபண்ணன் பேசட்டும்."

கோபண்ணன் பேசவில்லை.

அலுவலகத்தில் நான்கு பேரும் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐந்து நொடி. எட்டு. சுப்ரஜா தன் நாற்பத்து நான்கு வருட வாழ்க்கையில் யாருடைய பதிலுக்கும் இவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை. காத்திருப்பது உடம்பு வலிக்கிற வேலை என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. தம்பி முப்பத்தாறு வருடமாக இந்தப் பக்கத்தில்தான் நின்றிருக்கிறானோ என்றும் தோன்றியது. பன்னிரண்டு.

செட் உயிர் பெற்றது. "ஏம்பா, உனக்கு நீச்சல் தெரியுமா?"

இளமாறன் பட்டனை அமுக்கினான். "நீச்சல் எனக்கு..."

பதினைந்து படகுகள் காத்திருந்தன. வேறு எந்த ஊராக இருந்தாலும் இந்நேரம் அவனை நீச்சல் வீரனாக்கிப் போட்டிக்குப் பெயரும் கொடுத்திருப்பார்கள்.

"...தெரியாது. கத்துக்கறேன்."

மறுபடி கரகரப்பு. கோபு சிரித்தாரா, இருமினாரா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம்.

"ஜெயா."

"சொல்லுப்பா."

"நான் இருட்டறதுக்குள்ள வந்துடுவேன். அதுக்குள்ள எல்லாரும் கெளம்பிடப் போறாங்க. உக்கார வெச்சு, மாப்ளைக்கு டீ வாங்கிக் குடு. அவங்க அக்காவுக்கும். பாவம், இடுப்புல பொட்டி கட்டிக்கினு ஒருத்தரு வந்தாரே, அவருக்கும்."

அடுத்த நொடி செட்டிலிருந்து பெரிய இரைச்சல் கிளம்பியது. பதினைந்து படகும் ஒரே நேரத்தில் பட்டனை அமுக்கியிருக்க வேண்டும். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஜெயப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல்முறையாக ஒழுங்கை மீறி, தானும் பட்டனை அமுக்கி அந்த இரைச்சலில் சேர்ந்துகொண்டாள்.

கோபு கரைக்கு வந்து, டீ குடித்து, அவரே ஸ்வீட் டப்பாவைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்த பிறகுதான் கார் கிளம்பியது. சுகுமார் பின் இருக்கையில் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். 'கடலோர மௌனம்: மூன்று நாள் தங்கும் முகாம்' என்று அவர் எழுதியது கண்ணாடியில் தெரிந்தது. இப்படிப்பட்டவர்களை முழுதாகத் தோற்கடிக்க யாராலும் முடியாது.

கேளம்பாக்கம் சிக்னலில் சிவப்பு விழுந்தது.

"கோவளத்துல குடியிருக்கப் போறேன்னு எங்கிட்ட ஏண்டா சொல்லலை?" என்றாள் சுப்ரஜா, சாலையைப் பார்த்தபடி.

"சொன்னேன்க்கா. நீதான்..."

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"...ரிசப்ஷன் வெச்சுட்டே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "வேற என்னடா? இந்த மாதிரி இன்னும் எவ்வளவு இருக்கு?"

இளமாறன் யோசித்தான். பட்டியல் பெரிது. மீசை, ஃப்ளாட், செயலாளர் பதவி. முதலில் இருந்தே தொடங்கலாம் என்று முடிவு செய்தான்.

"கெமிஸ்ட்ரி எனக்கு..."

பச்சை விழுந்தது. சுப்ரஜா காரை எடுக்கவில்லை. பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ, அதற்குப் பின்னால் ஒரு தண்ணீர் லாரி, அதற்கும் பின்னால் வண்டலூர் வரை போகிற பஸ், எல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்தன.

"...வராதுன்னுதான் அன்னைக்குச் சொல்ல வந்தேன்."

"ஐயோ," என்றாள் சுப்ரஜா. "பதினெட்டு வருஷமாடா?"

"பரவால்லக்கா. அது மட்டும் இல்லேன்னா நான்..."

ஹாரன் காதைப் பிளந்தது. ஷேர் ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "இன்னா மேடம், பேஜார் பண்றே? வண்டிய எடு!" என்று கத்தினார். சுப்ரஜா கண்ணாடியை இறக்கி, பாதி உடம்பை வெளியே போட்டு, பின்னால் நின்ற மொத்த வரிசைக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்:

"கொஞ்சம் இருய்யா! எந்தம்பி பேசிட்டிருக்கான்ல!"

சிக்னல் மறுபடி சிவப்பாயிற்று. அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, தம்பி பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். எண்பது நொடி இருந்தது.